மறதிக்கார போர்டு: பேட்டரியை மாற்றவா, சிப்பை மாற்றவா, போர்டையே மாற்றவா?

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்கு ராத்திரி உட்கார்ந்து பார்த்துப் பார்த்து செட்டிங் வைத்திருப்போம். காசு கேட்காமல் ஆடவிடும் இலவச முறை, பாதிக்கும் கீழே இறக்கிய சத்தம், யாரும் தொடாத இருபது ஆட்டங்கள் பட்டியலிலிருந்து நீக்கம். மறுநாள் சுவிட்சைப் போட்டால் அறுபது ஆட்டங்களும் வரிசை கட்டி நிற்கின்றன. திரை காசு கேட்கிறது. ஸ்பீக்கர் அலறுகிறது. நேற்று ராத்திரி நடந்த எதுவும் போர்டுக்கு நினைவில்லை.

ஒரே போர்டில் பல ஆட்டங்கள் ஓடும் ஆர்கேட் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். யோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பேட்டரியை மாற்று என்பார் ஒருவர். பேட்டரியே தேவைப்படாத மெமரி சிப்பைப் போடு என்பார் அடுத்தவர். பவர் சப்ளையைப் பார், எஸ்டி கார்டை மாற்று, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது போர்டு வாங்கு என்று பட்டியல் நீளும். போர்டிலிருக்கும் குட்டி டிப் சுவிட்சுகளை வைத்தே சமாளி, எதையும் கழற்றாதே என்று சொல்பவரும் உண்டு. எல்லா வழியும் ஏதோ ஒரு போர்டுக்குச் சரியான வழிதான். உங்கள் போர்டுக்கு எது என்பதை, அது எப்போது மறக்கிறது என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் நேரே சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்து மூன்று மாதம் அலைந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

நினைவு எங்கே இருக்கிறது

போர்டு செட்டிங்கைச் சேமிக்கும் இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பழைய முறையில் ஒரு எஸ்ராம் சிப்பும் அதைத் தாங்கும் பேட்டரியும் இருக்கும். எஸ்ராமுக்குக் கரண்ட் இருக்கும்வரைதான் நினைவு. இயந்திரம் அணைந்ததும் பேட்டரி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். போர்டில் 6264 அல்லது 62256 என்ற எண்ணோடு 28 கால் சிப் ஒன்றும், பக்கத்திலேயே வட்ட பேட்டரியோ உருளை பேட்டரியோ தெரிந்தால் இந்த வகை. 1990இல் வந்த எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ எம்விஎஸ் இதற்கு நல்ல உதாரணம். 1, 2, 4, 6 கார்ட்ரிட்ஜ் செருகும் மாடல்கள் அதில் இருந்தன, ஆக பல ஆட்ட போர்டுகளுக்கே அது ஒரு முன்னோடி. அதன் செட்டிங், காசுக் கணக்கு, அதிகப் புள்ளிகள் எல்லாம் பேட்டரி தாங்கும் 64 கிலோபைட் ராமில் இருந்தன.

இரண்டாவது வகையில் பேட்டரி கிடையாது. 93சி46, 93சி66, 24சி02 போன்ற எட்டுக் கால் சிப் ஒன்று இருக்கும். இவை இஇப்ராம். கரண்ட் இல்லாமலே நினைவு வைத்திருக்கும். கொள்ளளவு ரொம்பச் சின்னது: 93சி66இல் மொத்தமே 512 பைட். செட்டிங்குக்கு அது தாராளம்.

மூன்றாவது, எஸ்டி கார்டிலோ போர்டில் ஒட்டிய ஃபிளாஷிலோ ஆட்டங்களும் செட்டிங்கும் ஒன்றாகவே கிடக்கும் புதிய போர்டுகள்.

இந்த அடையாளம் தெரிந்தாலே பாதி யோசனைகள் தள்ளுபடி ஆகிவிடும். பேட்டரியே இல்லாத போர்டுக்குப் பேட்டரி தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், போர்டில் வட்ட பேட்டரி இருப்பதாலேயே செட்டிங் அதில்தான் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. சில போர்டுகளில் அது கடிகாரத்துக்கு மட்டும்தான்.

எப்போது மறக்கிறது

ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். சத்தத்தின் அளவு போதும். மெனுவிலிருந்து முறையாக வெளியே வந்து, பத்து நொடி பொறுத்து, அப்புறம் அணையுங்கள். சில போர்டுகள் மெனுவை விட்டு வெளியேறும் அந்த நேரத்தில்தான் எழுதுகின்றன. மாற்றிய கையோடு கரண்டை நிறுத்தினால் எதுவும் எழுதப்பட்டிருக்காது. அதை மறதி என்று சொல்ல முடியாது, காதிலேயே வாங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது நேர இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். கரண்டை நிறுத்தாமல் ரீசெட் மட்டும் செய்யும்போதே மறந்துவிட்டால், பேட்டரிக்கு இதில் பங்கே இல்லை. எழுத்து சிப்பில் ஏறவில்லை, அல்லது ஏதோ ஒன்று ஒவ்வொரு தொடக்கத்திலும் பழைய நிலைக்குத் தள்ளுகிறது. சில போர்டுகளில் டெஸ்ட் பட்டனை அழுத்திக்கொண்டு தொடங்கினால் எல்லாம் ஆலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் தினமும் அதேதான் நடக்கும். போர்டை இயந்திரத்தின் ஒயர்களோடு இணைக்கும் ஜம்மா கனெக்டரில் டெஸ்ட் 15ஆம் கால். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை.

ஐந்து நொடி அணைத்தால் நினைவு இருக்கிறது, ஒரு ராத்திரி அணைத்தால் போய்விடுகிறது என்றால் பேட்டரி அல்லது பேட்டரியிலிருந்து சிப்புக்குப் போகும் பாதை. இங்கே ஒரு பொறி உண்டு. சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்டே எஸ்ராமைக் கொஞ்ச நேரம் தாங்கும். அதனால் பேட்டரி முழுக்கச் செத்திருந்தாலும் ஐந்து நொடிச் சோதனையில் போர்டு தேறிவிடலாம். பத்து நிமிடம், ஒரு மணி, ஒரு ராத்திரி என்று மூன்றையும் பாருங்கள்.

இரண்டு நாள் நினைவிருக்கிறது, மூன்றாம் நாள் போகிறது, பிறகு ஒரு வாரம் சரியாக இருக்கிறது. இப்படி ஒழுங்கே இல்லாமல் மறந்தால் என் முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான். செத்த பேட்டரி தினமும் தவறாமல் மறக்கும். தாறுமாறாக மறப்பது அதன் குணமில்லை.

பவர் சப்ளை: யாரும் முதலில் பார்க்காத இடம்

என் போர்டு அப்படித் தாறுமாறாக மறக்கும் வகை. வட்ட பேட்டரி இருந்ததால் அதை மாற்றினேன். நான்கு நாள் நன்றாக இருந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மறந்தது. பேட்டரி மட்டம்தான் காரணம் என்று வேறு வாங்கிப் போட்டேன். அதுவும் அப்படியே. பிறகு மெமரி சிப்பைக் கழற்றிப் புதிது வைத்தேன். கழற்றும்போது போர்டில் ஓடும் ஒரு செப்புத் தடத்தைப் பிய்த்து, அதற்கு ஒயர் ஒட்டி, அது தனிக்கதை. மூன்றாம் மாதம் வேறு ஏதோ காரணத்துக்காக போர்டின் கனெக்டரிலேயே வோல்ட் அளந்தேன். 5 இருக்க வேண்டிய இடத்தில் 4.62 இருந்தது.

அதுவரை நான் அளந்ததெல்லாம் பவர் சப்ளையின் திருகில். அங்கே 5.01 காட்டும். அந்த இடத்துக்கும் போர்டுக்கும் நடுவில் மெல்லிய ஒயர், கறுத்துப்போன கனெக்டர் கால்கள், இளகிய திருகு. போர்டு 3 ஆம்பியர் இழுத்து, வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். பழைய 74 வரிசை சிப்களுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் அனுமதி. அதற்குக் கீழே போனால் போர்டு உடனே நின்றுவிடாது. ஓடும், ஆட்டமும் ஆடும். ஆனால் ஏதோ ஒரு நொடியில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் செட்டிங் இருக்கும் இடத்தில் குப்பையை எழுதிவிட்டால், அடுத்த முறை தொடங்கும்போது, செட்டிங் சேதமில்லாமல் இருக்கிறதா என்று போர்டு பார்க்கும் கூட்டுச் சரிபார்ப்பு (செக்சம்) தவறும். தவறினால் போர்டு தன் ஆலை நிலைக்குப் போய்விடும். நமக்குத் தெரிவது மறதி மட்டும்.

அணைக்கும் நேரத்திலும் இதே ஆபத்து உண்டு. 5 வோல்ட் மெல்ல இறங்கும்போது, நடுவில் ஒரு கட்டத்தில் சிபியு பாதி மயக்கத்தில் இருக்கும். அப்போது அதைப் பிடித்து நிறுத்தத்தான் ரீசெட் சிப் இருக்கிறது. பல பழைய ஜப்பானிய போர்டுகளில் இருக்கும் எம்பி3771, வோல்ட் சுமார் 4.2க்கு இறங்கியதும் ரீசெட் கொடுக்கும். அந்தச் சிப்போ அதைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டரோ கெட்டால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் நினைவில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறது.

சரி, என்ன செய்வது? இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆட்டம் நடக்கும்போது, ஜம்மா கனெக்டரில் அளக்க வேண்டும். 3, 4 கால்களில் 5 வோல்ட், 1, 2 கால்களில் கிரவுண்ட். 4.9க்கும் 5.1க்கும் நடுவில் இருந்தால் விட்டுவிடுவேன். குறைவாக இருந்தால், முதலில் பவர் சப்ளையின் சிறு திருகைத் திருப்பி ஏற்றாதீர்கள். எல்லோருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். விலை குறைந்த பல சப்ளைகளில் 5 வோல்ட் மட்டும்தான் கட்டுப்பாட்டில் இருக்கும், அதை ஏற்றினால் 12 வோல்ட்டும் கூடவே ஏறும். போர்டின் விளிம்புக் கால்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கனெக்டரை மாற்றி, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் தடித்த ஒயர் போட்ட பிறகும் குறைவாக இருந்தால் அப்போது திருகலாம். இந்த வேலையின்போது சப்ளையின் உள்வரும் மெயின்ஸ் திருகும், குழாய் மானிட்டரின் பின்புறமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இரண்டும் ஆளைக் கொல்லும். ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளப்பது நல்ல பழக்கம்.

இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கலும் உண்டு. ஆர்கேட் சப்ளைகள் நிறைய ஆம்பியர் இழுக்கும் பழைய போர்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. புதிய சிறு போர்டு 1 ஆம்பியர்கூட இழுக்காது. குறைந்தபட்ச சுமை இல்லாவிட்டால் சில சப்ளைகள் நிலையாக நிற்காது, வோல்ட் ஆடும். அப்படிப்பட்ட இடத்தில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் அரை ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். 2.5 வாட் சூடு வரும், அதனால் பிளாஸ்டிக்கைத் தொடாமல் உலோகத்தில் பொருத்த வேண்டும். சிறு போர்டுக்கு ஏற்ற சிறு சப்ளை வாங்கிவிட்டால் இந்த வித்தை தேவைப்படாது.

செலவு, சிரமம், போர்டு கெடும் வாய்ப்பு மூன்றிலும் இந்த வழிக்கு ஈடாக வேறொன்று இல்லை. காரணம் இதுவாக இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. மற்ற எந்த மாற்றத்தைச் செய்தாலும் நல்ல 5 வோல்ட் தேவைப்படத்தான் போகிறது.

பேட்டரி வழி, அதற்குள் பல கிளைகள்

பேட்டரியைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. எல்லா பேட்டரியும் செட்டிங்குக்காக இல்லை. 1993இல் வந்த கேப்காமின் சிபிஎஸ்2 போர்டுகளில் ஆட்டத்தைத் திறக்கும் சாவியையே பேட்டரி தாங்கும் ராமில் வைத்திருந்தார்கள். அந்த பேட்டரி தீர்ந்தாலோ கழற்றினாலோ ஆட்டமே தொடங்காது. இப்போது அந்தச் சாவியைத் திரும்ப ஏற்ற வழி இருக்கிறது என்றாலும், தெரியாமல் கழற்றிவிட்டு விழிப்பது தேவையா? உங்கள் போர்டு எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள்.

சாதாரண போர்டுதான் என்று தெரிந்தபின், இயந்திரத்தை அணைத்துவிட்டு இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். ஒன்று பேட்டரியிலேயே. இன்னொன்று எஸ்ராம் சிப்பின் 28ஆம் காலில், 14ஆம் காலைக் கிரவுண்டாக வைத்து. பேட்டரியில் 3 வோல்ட், சிப்பில் 0.3 வோல்ட் என்றால் பேட்டரி நல்லது, நடுவிலுள்ள டயோடோ (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) தடமோ போய்விட்டது. புது பேட்டரி போட்டு எந்தப் பயனும் இல்லை. குறைந்த கரண்டில் இயங்கும் எஸ்ராம்களுக்கு நினைவைத் தாங்க 2 வோல்ட் போதும். ஆகவே சிப்பில் 2.3, 2.5 காட்டினால் கவலைப்பட வேண்டாம், டயோடு எடுத்துக்கொண்டது போக மிச்சம் அது.

போர்டில் ஏற்கெனவே சிஆர்2032 (வட்ட வடிவ 3 வோல்ட் லித்தியம் பேட்டரி) இருந்தால் வேலை சுலபம். அதே வகையைப் போடுங்கள், முடிந்தது. அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. போர்டு 5 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் 44,000 மணி, அதாவது ஐந்து வருடம். புது பேட்டரி இரண்டே மாதத்தில் தீர்ந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். எங்கோ கரண்ட் கசிகிறது, பெரும்பாலும் டயோடு வழியாக மற்ற சிப்களுக்கு. சால்டர் வைத்த பேட்டரியாக இருந்தால் இந்த முறை ஒரு ஹோல்டர் போட்டுவிடுங்கள். வட்ட பேட்டரியின் மேல் நேராக சால்டர் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கும். கால் பற்றவைத்த பேட்டரிகள் அதற்காகத்தான் விற்கின்றன.

சிக்கல் பழைய உருளை பேட்டரியில்தான். அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம், இயந்திரம் ஓடும்போது சார்ஜ் ஆவது. வயதாகிக் கசிந்தால் அதன் காரம் தடங்களைத் தின்றுவிடும். பச்சைப் பூச்சுக்கு அடியில் தடம் கறுத்திருந்தால் காரம் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரியை எடுத்தபின் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். பிறகு தண்ணீர், அப்புறம் ஆல்கஹால், நன்றாகக் காயவிடுதல். காய்ந்ததும் அந்தப் பகுதியின் ஒவ்வொரு தடத்தையும் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்க்க வேண்டும். கசிந்த போர்டில் பேட்டரியை மட்டும் மாற்றுவது, இடிந்த சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

அந்த இடத்தில் என்ன போடுவது? அதே வகை, அல்லது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டால் சர்க்யூட்டில் எதையும் தொட வேண்டாம். ஆனால் அதுவும் ஒருநாள் கசியும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒயர் இழுத்து போர்டுக்கு வெளியே, கீழ்ப்பக்கமாக வையுங்கள். நான் சிஆர்2032 பக்கம். அது சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி என்பதால் போர்டின் சார்ஜ் பாதையை அடைக்க வேண்டும்: சார்ஜ் ரெசிஸ்டரை எடுக்க வேண்டும், அல்லது பேட்டரிக்குத் தொடராக ஒரு 1என்4148 டயோடு வைக்க வேண்டும். மைக்ரோ ஆம்பியர் அளவில் அந்த டயோடு அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும், மீதி சிப்புக்குப் போதும். சார்ஜ் பாதையை அப்படியே விட்டுவிட்டு லித்தியத்தைச் செருகுவது ஆபத்தான வேலை.

சிலர் சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 போட்டால் டயோடு வேலை மிச்சம் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு 4.2 வோல்ட் உச்ச வரம்பு. நிக்கல் காட்மியத்துக்காக வைத்த வெறும் ரெசிஸ்டர் சார்ஜருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதன் கொள்ளளவும் சிஆர்2032இன் ஐந்தில் ஒரு பங்குகூட வராது.

சூப்பர் கெப்பாசிட்டர் இன்னொரு யோசனை. 1 ஃபாரட் போட்டு, 4.5 வோல்ட்டிலிருந்து 2க்கு இறங்க, 2 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 14 நாள் வரும். அதன் சொந்தக் கசிவைச் சேர்த்தால் அவ்வளவு வராது. தினமும் ஓடும் இயந்திரத்துக்கு இது அழகான வழி, கசிந்து போர்டைத் தின்னும் நிக்கல் காட்மியத் தொல்லை கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு வேலைக்காகாது.

பேட்டரியே வேண்டாம் என்றால்

எஸ்ராமை எடுத்துவிட்டு, கரண்ட் இல்லாமலும் நினைவு வைக்கும் சிப்பைப் போடுவது எல்லோருக்கும் பிடித்த கனவு. எனக்கும் பிடிக்கும். எஃப்ராம் வகையில் 6264க்குப் பதில் எஃப்எம்1608, 62256க்குப் பதில் எஃப்எம்1808 என்று கால் அமைப்பு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஒரு சாக்கெட் வைத்துச் செருகிவிட்டால் பேட்டரி கதையே முடிந்தது என்று தோன்றும்.

முடியாமல் போகும் இடங்கள் இரண்டு. சாதாரண எஸ்ராமில், சிப்பை வேலைக்கு அழைக்கும் தேர்வுக் காலைக் கீழேயே (0 வோல்ட் பக்கம்) பிடித்துக்கொண்டு, எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டே போனாலும் அது சரியாகப் பதில் சொல்லும். எஃப்ராம் அப்படிச் சொல்லாது. தேர்வுக் கால் மேலிருந்து கீழே இறங்கும் அந்த விளிம்பில்தான் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் போர்டு ஒவ்வொரு முறையும் அந்தக் காலை ஏற்றி இறக்காவிட்டால் எஃப்ராம் தவறான பதிலையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். இதனால்தான் ஒருவர் போர்டில் வேலை செய்த சிப் இன்னொருவர் போர்டில் வேலை செய்யாமல் போகிறது. இரண்டாவது, வோல்ட். பேட்டரி சர்க்யூட்டில் எஸ்ராமுக்குப் போகும் 5 வோல்ட் ஒரு டயோடு வழியாக வந்து 4.4 ஆகியிருக்கும். எஃப்எம்1808க்குக் குறைந்தது 4.5 வேண்டும். 2.7 முதல் 5.5 வரை ஏற்கும் எஃப்எம்18டபிள்யூ08 வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

உள்ளேயே லித்தியம் வைத்து மூடிய டிஎஸ்1225, டிஎஸ்1230 போன்றவை இன்னொரு தேர்வு. அவை எஸ்ராம் போலவே நடந்துகொள்வதால் முகவரிப் பிரச்சினை வராது. கரண்டே இல்லாமல் பத்து வருடம் நினைவைத் தாங்கும்படி செய்தவை. வோல்ட் இறங்கும்போது தாமே எழுத்தைப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் குணமே டயோடு வழி வரும் 4.4 வோல்ட்டில் எதிரியாகிவிடும்: எப்போதும் பூட்டியபடியே இருக்கும். டயோடைச் சுற்றி நேர் இணைப்பு கொடுக்க வேண்டும், கொடுக்கும் முன் பழைய பேட்டரியை எடுத்துவிட வேண்டும். தவிர உள்ளே இருக்கும் லித்தியம் தீர்ந்தால் மொத்தச் சிப்பும் குப்பைக்குத்தான். பயன்படுத்திய சரக்கைப் புதிது போல் விற்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தச் சிப்பைப் போட்டாலும் போர்டில் பேட்டரியை நம்பும் கடிகாரம் இருந்தால் அது நிற்கும். எம்விஎஸ்ஸில் அப்படி ஒன்று உண்டு. நேரம் தவறினால் பரவாயில்லை என்றால் விட்டுவிடலாம்.

என் கருத்து: சாக்கெட்டில் இருக்கும் எஸ்ராம் என்றால் எஃப்ராமைச் செருகிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்ப வைக்கலாம். 28 காலும் சால்டர் வைத்திருந்தால், கழற்றும்போது தடம் பிய்யும் வாய்ப்பை யோசித்து, ஹோல்டரில் ஒரு சிஆர்2032 போடுவதோடு நிறுத்திக்கொள்வேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பேட்டரி மாற்றுவது அவ்வளவு பெரிய பாரமா என்ன?

எட்டுக் கால் இஇப்ராம் போர்டுகளில் கதை வேறு. இந்தச் சிப்கள் 10 லட்சம் முறை எழுதினாலும் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் தாளில் போட்டிருக்கிறார்கள். செட்டிங் மாற்றி மாற்றி யாரும் அந்த எண்ணைத் தொட முடியாது. அதனால் சிப் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். 24சி வரிசையில் 7ஆம் கால் எழுத்தைப் பூட்டும் கால். அது கிரவுண்டோடு தொடர்பு அறுந்து மேலே ஏறிவிட்டால், படிப்பதெல்லாம் சரியாக நடக்கும், எழுதுவது மட்டும் நடக்காது. போர்டு ஒவ்வொரு முறையும் பழைய செட்டிங்கோடே எழுந்திருக்கும். காலில் பழைய சால்டர் வெடித்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் 93சி66இல் ஒரு சூட்சுமம்: 6ஆம் கால் 8 பிட்டா 16 பிட்டா என்று தேர்வுசெய்வது. அந்தக் காலைப் பார்க்காமல் 8 பிட் அமைப்பில் பூட்டப்பட்ட மாடலை 16 பிட் போர்டில் வைத்தால் புதுச் சிப்பும் மறதிக்காரச் சிப்பாகத்தான் இருக்கும்.

எஸ்டி கார்டு

இதில் பேச அதிகமில்லை. வயதான கார்டு சில நேரம் படிக்க மட்டும் விடும் நிலைக்குப் போய்விடும். எழுதியதுபோல் தலையாட்டும், எதையும் வைத்துக்கொள்ளாது. கார்டை முழுதாகக் கணினியில் நகல் எடுத்து, நல்ல புதுக் கார்டில் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். கோப்புகளை இழுத்துப் போட்டு நகல் எடுத்தால் போதாது, கார்டின் முழு பிம்பம் வேண்டும். மறக்கிறதோ இல்லையோ, இந்த நகலை இன்றே எடுத்து வைக்கலாம்.

புது போர்டு வாங்குவது

ஜம்மா கனெக்டர் 1985 முதல் இருக்கும் பொது வழக்கம். பக்கத்துக்கு 28 வீதம் 56 கால்கள். பழையதை உருவிப் புதியதைச் செருகினால் ஆயிற்று என்பதே அதன் அழகு. அதனால்தான் இந்த யோசனை எல்லோரையும் இழுக்கிறது.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் குழாய் மானிட்டர் 15 கிலோஹெர்ட்ஸ் படச் சிக்னல் மட்டும் புரிந்துகொள்வது. புது போர்டு 31 கிலோஹெர்ட்ஸ் விஜிஏ மட்டும் கொடுத்தால் படம் வராது. நான்காம் பட்டனுக்கு மேல் வேண்டுமென்றால் தனி ஒயர் இழுக்க வேண்டும். திரை செங்குத்தா கிடையா என்பதும் பொருந்த வேண்டும். இப்படிப்பட்ட புது போர்டுகள் பெரும்பாலானவற்றில் ஆட்டங்கள் உரிமையாளரைக் கேட்காமல் அடைக்கப்பட்டவை என்பதால், கெட்டால் யாரிடம் போய் நிற்பது என்ற கேள்வியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, காரணம் 4.62 வோல்ட் என்றால் புது போர்டும் அதே கனெக்டரில்தான் உட்காரப்போகிறது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும்.

எப்போது வாங்கலாம்? காரம் தின்று பத்துப் பதினைந்து தடங்கள் போயிருந்தால். ஆட்டங்களையும் செட்டிங்கையும் ஒரே ஃபிளாஷ் சிப்பில் வைத்திருக்கும் போர்டில் அந்தச் சிப்பே எழுத மறுத்தால். மலிவான அறுபது ஆட்டப் போர்டுக்கு நான் இரண்டு மாலைக்கு மேல் செலவிட மாட்டேன். எம்விஎஸ் போன்ற அசல் போர்டு என்றால் எத்தனை மாலை ஆனாலும் சரி.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு இது சில நேரம் போதும். எம்விஎஸ்ஸில் எட்டு டிப் சுவிட்ச் உண்டு, அதில் 7ஆவது இலவச ஆட்டம். பேட்டரி செத்துக் கிடந்தாலும் அந்தச் சுவிட்ச் மறக்காது. சத்தத்துக்கு ஸ்பீக்கர் ஒயரில் தனிக் கட்டுப்பாடு வைக்கலாம். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மறந்துபோவதில் பெரியது அதிகப் புள்ளிகள்தான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, செத்த உருளை பேட்டரியைப் போர்டிலேயே விட்டுவைக்கக் கூடாது. சிபிஎஸ்2 போன்ற வகை இல்லையென்றால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

என் போர்டில் கடைசியில் செய்தது, இரண்டு கருத்த கனெக்டர் கால்களை மாற்றி, 5 வோல்ட்டுக்குத் தடித்த ஒயர் போட்டது மட்டும். கூடவே இயந்திரக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முதலில் செட்டிங் பக்கங்கள் அப்படியே, அதன் கீழே பேட்டரி போட்ட தேதி, அதற்கும் கீழே பென்சிலால் எழுதிய வோல்ட். மாதம் ஒருமுறை கனெக்டரில் அளந்து எழுதுகிறேன். போன மாதம் 5.02. இந்த மாதம் 4.97. அடுத்து 4.9க்குக் கீழே போனால் பேட்டரியைப் பார்க்க மாட்டேன், நேரே கனெக்டரைக் கழற்றித் துடைப்பேன்.